‘இயல்பு’ எது, யார் வைத்த கோடு?

சுவர்க்கோழி:
மனநோய்க்கு உளவியலாளர்களிடம் உறுதியான அளவுகோல் எதுவும் கிடையாது என்பது என் கட்சி. காலத்துக்கு ஏற்றபடி கோடு நகர்கிறது, அவ்வளவுதான். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு நோய் என்று எழுதி, ‘ட்ராபெடோமேனியா’ என்று பெயரும் சூட்டினார். ஒருபாலீர்ப்பு 1973 வரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது. நிர்வாகக் குழு கூடி வாக்களித்ததும் நீங்கியது. ரத்த அழுத்தத்தை இப்படி ஓட்டுப் போட்டு நீக்க முடியுமா?

இரவுப்பணி:
தப்பைத் திருத்தியதையே குற்றமாகச் சொல்கிறீர்களே நண்பரே! ஊரோடு ஒத்துப் போகாததெல்லாம், அரிதாக இருப்பதெல்லாம் நோய் என்று இன்று யாரும் சொல்வதில்லை. நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 70க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். 130க்கு மேலே இருப்பவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மேலே இருப்பவரை யாராவது சிகிச்சைக்கு அனுப்புகிறார்களா? அந்த ஆள் வேதனைப்படுகிறாரா, அன்றாடப் பாடு கெடுகிறதா, தனக்கோ பிறருக்கோ ஆபத்தா, இதைத்தான் பார்க்கிறார்கள்.

என் கதையையே சொல்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்குவேன். பூட்டினேனா? மறுபடி ஏறி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவேன். திரும்பவும் ஏறுவேன். பூட்டை போனில் படம் எடுத்து வைத்தேன். அப்புறம் அந்தப் படம் இன்று எடுத்ததா, நேற்று எடுத்ததா என்று சந்தேகம்! ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்றார்கள். இப்படிச் சரிபார்ப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால் கவனிக்க வேண்டியது என்று அந்தச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இருக்கிறது. எனக்கு இரண்டு மணி நேரம் போனது. அந்தக் கோடு இல்லாவிட்டால் நான் இன்னும் படியில்தான் நின்றிருப்பேன்.

சுவர்க்கோழி:
உங்கள் பாடு புரிகிறது. ஆனால் வேதனைதான் அளவுகோல் என்றால், பித்து நிலையில், அதாவது அளவு மீறிய உற்சாகத்தில், இருப்பவர் உலகத்தையே வென்ற மாதிரி சந்தோஷமாக இருப்பாரே? அந்தப் பக்கம், அம்மாவைப் பறிகொடுத்து அழுகிறவருக்கு வேதனைதான், நோய் இல்லை. பழைய கையேடு துக்கத்துக்கு இரண்டு மாதம் விலக்கு கொடுத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. அறிகுறிகள் இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு என்று எழுத இடமுண்டு. பதினைந்தாம் நாள் அழுதால் நோயாளியா?

இரவுப்பணி:
அழுவதால் மட்டும் எழுத மாட்டார்கள், ஐந்து அறிகுறியாவது சேர்ந்து இருக்க வேண்டும். ஆனாலும் அந்த விலக்கை எடுத்தது எனக்கும் உறுத்தல்தான். ஒத்துக்கொள்கிறேன். பித்து நிலைக்குத்தான் மற்ற இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. சேமிப்பையெல்லாம் ஒரே வாரத்தில் கரைத்துவிட்டு நிற்பவர் சந்தோஷமாக இருந்தால் மட்டும் போதுமா?

ஓரத்துஇருக்கை:
நடுவில் நுழைகிறேன். ரோசன்ஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வை விட்டுவிட்டீர்களே. நோயாளிகளாக நடித்த எட்டுப் பேர், 12 மருத்துவமனைகள், குரல் கேட்கிறது என்ற ஒரே பொய் அறிகுறி. உள்ளே போனதும் இயல்பாகத்தான் இருந்தார்களாம், ஆனாலும் வெளியே வர சராசரியாக 19 நாள். குறிப்பெடுத்ததைக்கூட நோயின் கணக்கில் சேர்த்தார்கள்.

இரவுப்பணி:
அதை இன்னுமா நம்புகிறீர்கள்? 2019இல் ஒரு பத்திரிகையாளர் துருவியபோது, கட்டுரையில் எழுதியதைவிடக் கடுமையான அறிகுறிகளை, தானும் நோயாளியாக நடித்த ரோசன்ஹானே மருத்துவர்களிடம் சொல்லியிருந்தது தெரியவந்தது.

ஓரத்துஇருக்கை:
அது தெரியாது, சரி. ஆனால் 1992இல் ஜெரோம் வேக்ஃபீல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி சொன்னார்: உள்ளே ஏதோ ஒன்று தன் இயற்கையான வேலையைச் செய்யத் தவற வேண்டும், அதனால் அந்த ஆளுக்குக் கேடும் விளைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அடிமை ஓடியதில் உள்ளே எதுவும் பழுதாகவில்லை. கார்ட்ரைட் அங்கேயே விழுந்துவிடுகிறார்.

சுவர்க்கோழி:
இதயத்தின் வேலை ரத்தம் இறைப்பது. பயத்தின் ‘இயற்கையான’ அளவு எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? கேடா இல்லையா என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது என்று வேக்ஃபீல்டே சொல்கிறார். சுற்றி வந்து என் இடத்துக்கே வந்துவிட்டீர்கள்.

ஓரத்துஇருக்கை:
பாதி தூரம்தான் வந்திருக்கிறேன்.

சுவர்க்கோழி:
அது இருக்கட்டும். இரவுப்பணி, பூட்டு இப்போது எப்படி?

இரவுப்பணி:
ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். சில நாள் இரண்டு.