தரங்கம்பாடி கோட்டைக்குள்ள அருங்காட்சியகம் இருக்கணுமா?

காவிரிக்கரையான்:
ரெண்டு வாரம் முன்னாடி பசங்களோட தரங்கம்பாடி போயிட்டு வந்தேன். 1792ல கட்டின நகர வாசலைத் தாண்டி நேரா நடந்தா கடல், கடலைப் பாத்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி 1620ல டென்மார்க் கப்பல் தளபதி ஓவ் கெட்டே ஆரம்பிச்சது. உள்ளே தொல்லியல் துறை அருங்காட்சியகம். வாள், குத்துவாள், ஈட்டி, பீங்கான், சீனத் தேயிலை ஜாடி, பழைய ஆவணம்னு வச்சிருக்காங்க.

சுவர்ல கை வச்சேன், விரல்ல வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுச்சு. சின்னவன் அதை நாக்குல வச்சுப் பாத்துட்டு "அப்பா, உப்பு"ங்கறான். சுவரே உப்புப் பூக்கற இடத்துல இரும்பையும் காகிதத்தையும் வைக்கலாமா? எல்லாத்தையும் கடலை விட்டுத் தள்ளி ஒரு நல்ல கட்டடத்துக்கு மாத்தணும்கறது என் கருத்து. திட்டறவங்க திட்டலாம்.

தஞ்சாவூர்க்காரி:
திட்டலை, ஆனா ஒத்துக்கவும் முடியாது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தமிழ்ல எழுதி அனுப்பின தங்க ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. உப்பும் இல்லை, ஈரமும் இல்லை. நம்மள்ல எத்தனை பேர் பாத்திருக்கோம்? பத்திரமா இருக்குங்கறது மட்டும் போதும்னா எல்லாத்தையும் அங்கேயே அனுப்பிடலாமே!

இன்னொண்ணு. தரங்கம்பாடியில தமிழ் அச்சுக்கூடம் வச்ச ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706ல இங்க வந்து இறங்கினார். 1708ல கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் முட்டிக்கிச்சு. நாலு மாசம் இதே கோட்டையில அடைச்சு வச்சாங்க. இதைச் சென்னையில ஒரு ஏசி ஹால்ல பலகையில எழுதி வச்சா யாருக்கு உறைக்கும்? கீழ்த்தள அறையில நின்னு அலைச் சத்தம் கேட்டாதான் உறைக்கும்.

காவிரிக்கரையான்:
அக்கா, அலைச் சத்தம் கேக்கட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்? வாள் ஏன் அங்க இருக்கணும்? உப்புக்காத்து பட்ட இரும்பு மேல துடைச்சா போதாது. உப்புல இருக்கற குளோரைடு உள்ளே இறங்கி உக்காந்துடும், கொஞ்சம் ஈரம் கிடைச்சா திரும்ப அரிக்கும், ஏடு ஏடா உரியும்.

சுண்ணாம்புக்கை:
பழைய கட்டடத்துல பூச்சு வேலை பாக்கறவன் நான், அதனால நடுவுல வர்றேன். இரும்பு விஷயத்துல தம்பி சொல்றது சரி. சுவர் விஷயத்துல பாதிதான் சரி. சுவர்ல வெள்ளை பூத்துதுன்னு பயப்பட வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உள்ளே ஏறின உப்புத் தண்ணி வெளியே வந்து காயும், உப்பு மேல படியும், பூச்சு உதிரும், திரும்பப் பூசலாம். செங்கல் தப்பிச்சிடும். அதே இடத்துல சிமென்ட் பூசினா உப்பு வெளியே வர வழியில்லாம செங்கல்லையே உடைச்சிடும்.

பொருள்லயும் எல்லாம் ஒண்ணு இல்லை. பீங்கானுக்கு உப்பு ஒண்ணும் பண்ணாது, நல்லா வெந்து கண்ணாடி மாதிரி ஆனது. சுடுமண் அப்படி இல்லை, உறிஞ்சும். இரும்பும் காகிதமும்தான் முதல்ல கவலைப்பட வேண்டியது.

கோட்டைக்குள்ள நாலு குவிமாடக் கூரையை ஒத்தைத் தூண் தாங்கற அறையைப் பாத்தீங்களா யாராவது? ஒட்டகத் திமில் மாதிரி இருக்கும். அந்தக் கோட்டையில எனக்கு அதுதான் அருங்காட்சியகம். பீங்கான் ஜாடி எல்லாம் அப்புறம்.

ராத்திரிபஸ்:
எல்லாரும் வெள்ளைக்காரன் கோட்டைக்கே உருகறீங்க. பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில், 1306ல குலசேகர பாண்டியன் காலத்துது. முன்பக்கத்தைக் கடல் தின்னுடுச்சு. அதுக்கு ஒரு இழை போடுங்கப்பா. டேனிஷ்காரன் வியாபாரம் பண்ண வந்தான், கட்டுப்படி ஆகலைன்னதும் 1845ல வங்காளத்துல அவன் வச்சிருந்த செராம்பூரையும் சேத்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டான். அவ்வளவுதான் கதை.

தஞ்சாவூர்க்காரி:
வித்துட்டுப் போனது நம்ம ஊரைங்க. ரெண்டு பேர் பேரம் பேசி மாத்திக்கிட்ட ஊர்ல இருந்த மீனவனும் நெசவாளியும் என்ன ஆனாங்கன்னு கேக்கறதுக்காவது அந்தக் கட்டடம் நிக்கணும். அப்புறம், அது 1978 வரைக்கும் அரசாங்கப் பயணியர் விடுதியா இருந்துச்சு, தெரியுமா? அதிகாரிங்க வந்து தங்கிட்டுப் போன இடம். அருங்காட்சியகம் ஆனதாலதான் உங்களையும் என்னையும் உள்ளே விடறாங்க. பொருளை எடுத்துட்டா திரும்ப விடுதி, இல்லைன்னா பூட்டு.

காவிரிக்கரையான்:
விடுதி விஷயம் எனக்குத் தெரியாது. அந்தப் பாயிண்டுக்கு ஒரு கும்பிடு.

சரி, என் பேச்சைக் கொஞ்சம் மாத்திக்கறேன். காகிதத்துக்கும் வாளுக்கும் நகல் வச்சுட்டு அசலைக் கடலை விட்டுத் தள்ளிக் கொண்டுபோகட்டும். பீங்கான் அங்கேயே இருக்கட்டும். நகல்னு பலகையில தமிழ்ல தெளிவா எழுதணும், அது முக்கியம்.

தஞ்சாவூர்க்காரி:
நகலைப் பாக்க பொறையார்ல பஸ் இறங்கி வரணுமா? நான் வரமாட்டேன்.

ராத்திரிபஸ்:
ஒரு சந்தேகம். அங்க ஓசோன் காத்து அதிகம், நுரையீரலுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, நிஜமா? எங்க மாமியாரை அதுக்குன்னே கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம்.

சுண்ணாம்புக்கை:
ஓசோன் தரையில இருந்தா நுரையீரலுக்குக் கெடுதல்தான் சார். அங்க அடிக்கறது நல்ல கடல்காத்து. மாமியாரைக் காலையில சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, வெயில் ஏறிட்டா கோட்டை முற்றத்துல கால் வைக்க முடியாது. மாடிப்படி கொஞ்சம் உயரம், கையைப் பிடிச்சு ஏத்துங்க.