அவசரம்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 தான் வருகிறது, கார்டு பத்தாதா?

மன்னை_சோழன்
வணக்கம். மானிட்டர் வாங்க சனிக்கிழமை திருச்சி போகிறோம், அப்பாவும் வருகிறார். அதற்குள் பதில் வேண்டும். பார்த்துவிட்டு வாங்கலாம் என்று நண்பனுடைய 27 இன்ச் 2கே (2560 x 1440) மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். பெட்டியில் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை திரை மாறும் என்று போட்டிருக்கிறது, எனக்கு 60 தான் வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டு 6 ஜிபி, நல்ல கார்டுதான். இது பத்தவில்லையா? பத்தாது என்றால் 144 வாங்குவதே வீண்தானே? சீக்கிரம் சொல்லுங்கள்.

குடந்தை_டிகிரி
எந்த கார்டு? எந்த கேபிள்? என்ன கேம்? பட்ஜெட் எவ்வளவு?

பிக்சல்_வாத்தியார்
6 ஜிபி என்பது கார்டின் பெயர் இல்லை தம்பி. 1060, 1660 சூப்பர், 2060, 3050 எல்லாமே 6 ஜிபியில் வந்திருக்கின்றன. 2016-ல் வந்த 1060-ம் 2024-ல் வந்த 3050 6 ஜிபியும் ஒன்றா? இதையெல்லாம் இங்கே ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன். தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டால் எங்களுக்கும் நேரம் மிச்சம்.

திருவாரூர்_தேர்
கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பீர்கள். பின்னால் போய்ப் பாருங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் செய்வது இதுதான்.

மன்னை_சோழன்
1660 சூப்பர். ப்ராசசர் ஐ5 10400எஃப். ஹெச்டிஎம்ஐ கேபிள், பழைய டிவியோடு வந்தது. வேலரண்ட், ஜிடிஏ 5. அப்பா 15 ஆயிரம் சொல்லியிருக்கிறார்.

குடந்தை_டிகிரி
தேர் அண்ணே, 10400எஃப்-ல் கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் சொருகியிருந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அவருக்குப் படம் வருகிறது.

சோழன், உங்கள் கார்டில் கோளாறு இல்லை. அதில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 2.0, 2கே-யில் 144 தாராளமாகத் தரும். ஆனால் கார்டு, கேபிள், மானிட்டர் போர்ட் மூன்றில் எது மட்டமோ அதுதான் வேகத்தை முடிவு செய்யும். விலை குறைந்த மானிட்டர்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் 1.4 ஆக இருக்கலாம், 2கே-யில் அது 75 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டுப் பாருங்கள். போட்டதும் தானாக 144 வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், விண்டோஸ் பெரும்பாலும் 60-லேயே விட்டுவைக்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நீங்களே மாற்ற வேண்டும். அங்கே வராவிட்டால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பட்டியலில் கீழே இறங்கி 'பிசி' என்ற தலைப்பின் கீழ் உள்ளதைத் தேர்வு செய்யுங்கள். மேலே டிவிக்கான பட்டியல் இருக்கும், அதில் கூடுதல் ஹெர்ட்ஸ் காட்டாது.

திருவாரூர்_தேர்
சரி, மதர்போர்டு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கரண்ட். மன்னார்குடிப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் என்ன லட்சணம் என்று எனக்குத் தெரியும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும், அதுவரை குறுவைக்குப் போர் மோட்டார்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் மானிட்டர் எப்படி 144-ல் ஓடும்? ஸ்டெபிலைசர் வையுங்கள்.

பிக்சல்_வாத்தியார்
வோல்டேஜ் குறைந்தால் ஹெர்ட்ஸ் குறைய இது மின்விசிறியா? மானிட்டர் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும்.

திருவாரூர்_தேர்
அச்சடித்தது எல்லாம் சரி. போன வருடம் என் சிஸ்டத்தின் பவர் சப்ளை, எஸ்எம்பிஎஸ், போனது எதனால்?

வேதை_உப்பு
அண்ணே, வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கேமிங் சிஸ்டத்தையே மாட்டாதீர்கள்.

திருவாரூர்_தேர்
என் இன்வெர்ட்டர் சைன் வேவ்தான், பில் இருக்கிறது.

பிக்சல்_வாத்தியார்
மானிட்டர் கேள்விக்கு இன்வெர்ட்டர் பில். நன்றாக இருக்கிறது.

வேதை_உப்பு
சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். 1080-ல் (1920 x 1080) சுமார் 20.7 லட்சம் பிக்சல். 2கே-யில் 36.9 லட்சம். கார்டுக்கு வேலை கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடும். வேலரண்ட் லேசான கேம், 2கே-யிலும் 1660 சூப்பர் தாக்குப்பிடிக்கும். ஜிடிஏ-வில் புல்வெளி செட்டிங்கையும், ஓரங்களின் பிசிறை மழுப்பும் எம்எஸ்ஏஏ-வையும் ஏற்றினீர்களோ, மூச்சு வாங்கும். இந்தக் கார்டில் டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி) கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். என்னைக் கேட்டால் 24 இன்ச், 1080, 144 அல்லது 165, ஐபிஎஸ் பேனல். 15-க்குள் அடங்கும். அதே 1080-ஐ 27 இன்ச்சில் வாங்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் பிசிறு தட்டும். வளைந்த விஏ பேனல் கடையில் அழகாகத்தான் தெரியும். மலிவானதில் இருட்டுக் காட்சி நகரும்போது நிழல் இழுக்கும்.

குடந்தை_டிகிரி
வழிமொழிகிறேன். ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்ப திரை தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது) என்று போட்டிருந்தால் ஏஎம்டி-க்கு மட்டும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும், நம்பாதீர்கள். 2019 ஜனவரி டிரைவரிலிருந்து என்விடியா கார்டும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக அதை ஏற்கிறது. பெட்டியில் டிபி (டிஸ்ப்ளேபோர்ட்) கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள், சிலதில் ஹெச்டிஎம்ஐ மட்டும் போட்டுத் தருகிறார்கள். பில் போடுவதற்கு முன்பு அங்கேயே ஆன் செய்து, முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வைத்து செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் மாற்றித் தர மாட்டார்கள்.

திருவாரூர்_தேர்
ஸ்டெபிலைசரும் கேட்டுப் பாருங்கள்.

மன்னை_சோழன்
டிபி கேபிள் போட்டு செட்டிங்ஸில் மாற்றினேன், 144 வந்துவிட்டது. 24 இன்ச்சே எடுக்கிறோம். நன்றி அண்ணன்களே.

பிக்சல்_வாத்தியார்
எந்த மாடல் என்று எழுதினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

வேதை_உப்பு
வாத்தியாரே, அவர் இந்நேரம் வேலரண்டில் இருப்பார்.