மறு: 'சட்டகப் பிறழ்வு' வேண்டாம், 'சீர்நகர்வு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் வகுப்பு. பாடத்திட்டத்துக்கு வெளியேதான், ஆனாலும் கொரோனா வைரசின் ஆர்.என்.ஏ. பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கலத்தில் ஆர்.என்.ஏ.யை வாசித்துப் புரதம் கட்டும் இறைபோசோம் (ribosome), வாசிப்பின் நடுவே ஓரெழுத்து நகர்ந்துகொள்வதற்கு (frameshift) நாம் இங்கே தமிழ்ச்சொல்லாகப் பேசிவந்த 'சட்டகப் பிறழ்வு' என்பதைப் பலகையில் எழுதினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "பிறழ்வெண்டால் பிழைதானே மிஸ்? பிழையெண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில ஏன் நடக்குது?"

அவளை எழுப்பி, ஆர்.என்.ஏ.யின் யூ, ஏ, ஜி, சி என்ற எழுத்துகளைப் பலகையில் எழுதவைத்தேன். கோவிட் வைரசின் 29,903 எழுத்துகளில் அந்த இடம் இப்படி வரும்: யூயூயூஏஏஏசி, தொடர்ந்து ஜிஜிஜி, யூயூயூ, ஜிசிஜி, ஜியூஜி, யூஏஏ. இறைபோசோம் மும்மூன்று எழுத்தாக (ஒவ்வொரு மூன்றும் ஒரு கோடோன்) நேரே போனால் யூஏஏ என்னும் நிறுத்தக் கோடோனில் முட்டிப் புரதம் அங்கேயே முடிந்துவிடும். யூயூயூஏஏஏசி என்ற அந்த வழுக்கும் ஏழெழுத்தில் ஓரெழுத்துப் பின்வாங்கினால், வாசித்து முடித்த 'சி' மறுபடி வாசிக்கப்படும்: சிஜிஜி, ஜியூயூ, யூஜிசி, ஜிஜியூ என்று ஓடும். நிறுத்தம் மறைந்துபோகும். ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் நொதியம் இந்த இரண்டாம் வாசிப்பில்தான் கிடைக்கிறது. அது இல்லாமல் வைரசு பெருகவே முடியாது. இதைப் பிறழ்வு என்று எப்படிச் சொல்வது?

1985இல் கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ரவுஸ் சார்கோமா வைரசிலும், 1987இல் கோழிகளைத் தாக்கும் கொரோனா வைரசிலும் இது காட்டப்பட்டது. எச்.ஐ.வி.யில் ஏறக்குறைய இருபது வாசிப்புக்கு ஒருமுறை நடக்கிறது. அந்த விகிதம் கூடினாலும் குறைந்தாலும் வைரசுக்குத்தான் கேடு. 'பிறழ்வு' என்பதை, ஓர் எழுத்தே விழுந்தோ நுழைந்தோ வாசகம் கெடும் மரபணு விகாரத்துக்கு (mutation) வைத்துக்கொள்வோம். 1961இல் ஆய்வாளர்கள் கிரிக்கும் பிரென்னரும் கோடோன் மூன்றெழுத்து என்று நிறுவியது அப்படிப்பட்ட விகாரங்களைக் கொண்டுதான். அங்கே மாறுவது ஏடு. இங்கே ஏடு மாறவில்லை, வாசிப்பவரின் அடிவைப்பு மாறுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

சென்னையிலிருந்து எழுதிய ஐயாவின் 'சட்டகப் பெயர்ச்சி'யில் பிழைக் குறிப்பு இல்லை, அது நல்லது. ஆனால் 'சட்டகம்' என்றதும் பிள்ளைகள் படத்துக்குப் போடும் சட்டத்தை நினைக்கிறார்கள். இடைவெளியில்லாமல் எழுதியதைப் பிரித்து வாசிப்பதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: சீர்பிரித்தல். ஓலைச்சுவடியில் இடைவெளி ஏது? பலகை என்றும் பல கை என்றும் பிரியும் பிரிமொழிச் சிலேடையைப் பள்ளியிலேயே படிக்கிறோம். அதனால் எந்த எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரிப்பது என்னும் வாசிப்புச் சட்டகம் (reading frame) 'சீர்பிரிப்பு' ஆகட்டும், அது இடம் மாறுவது 'சீர்நகர்வு' ஆகட்டும். ஓரெழுத்துப் பின்னே போனால் பின்னகர்வு, முன்னே போனால் முன்னகர்வு. நம் கலங்களிலும் ஆன்டிசைம் என்னும் புரதம் முன்னகர்வால்தான் உருவாகிறது, ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும்.

யாழ்ப்பாணத்து அக்கா, சீரின் நீளம் மாறும், கோடோனோ எப்போதும் மூன்றுதான் என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். கோடோனைச் சீர் என்று அழைக்கக் கேட்கவில்லை, அது கோடோனாகவே இருக்கட்டும். பிரிக்கும் செயலுக்கு மட்டும் சொல்லை எடுத்தேன். சிலேடையில் எந்த எழுத்தும் இருமுறை வாசிக்கப்படுவதில்லை என்ற உங்கள் மறுப்பும் சரியே. 'நகர்வு' சேர்த்தது அதற்காகத்தான்.

இன்னொன்று. வழுக்கும் இடத்தைத் தாண்டிச் சற்று அப்பால் இறைபோசோமை மறித்து நிறுத்தும் ஆர்.என்.ஏ. மடிப்பை எல்லோரும் 'பொய்முடிச்சு' (pseudoknot) என்கிறோம். இறைபோசோமையே தடுக்கும் முடிச்சில் பொய் என்ன இருக்கிறது? ஆர்.என்.ஏ. வளைந்து காதுபோல் நிற்க, அந்தக் காதின் எழுத்துகளோடு அப்பால் உள்ள வால் போய் இணைகிறது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுவதுபோல. 'செருகுமுடிச்சு' என்றால் பொருந்துமா? வரும் ஞாயிறு வகுப்புக்கு முன் உங்கள் கருத்துத் தெரிந்தால் அந்தச் சொல்லையே பலகையில் எழுதுவேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து