குத்தகை விவசாயி வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி உதவித்தொகை: எதை முதலில் செய்வது?

கோரையாற்றுக்கரை:
திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு குடும்பம். வாய்மொழிக் குத்தகையில் இரண்டு ஏக்கர், சொந்த நிலம் கிடையாது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். பி.சி. வகுப்பு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி.க்கும் விண்ணப்பித்திருக்கிறாள், பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்திருக்கிறாள். தம்பி பதினொன்றாம் வகுப்பு, அவனும் அரசுப் பள்ளிதான். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. எந்தெந்த உதவி கிடைக்கும், எங்கே சிக்கும்? ஆளுக்கு ஒன்று சொல்வதால் குழம்பிப் போயிருக்கிறார்கள்.

வெண்ணாறு:
தகுதி இல்லாமல் பணம் நிற்பதைவிட, பேங்க் கணக்கால் நிற்பதுதான் அதிகம். அதனால் சான்றிதழுக்கு அலைவதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்.

பணம் மாணவியின் பெயரில் இருக்கும் கணக்குக்குத்தான் வரும். அப்பாவின் கணக்கு உதவாது. ஊர் சொசைட்டியில் இருக்கும் சேமிப்புக் கணக்கும் வேண்டாம். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். மைனர் கணக்காகத் தொடங்கியது என்றால் பதினெட்டு முடிந்ததும் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லை என்றால் கணக்கு முடங்கியிருக்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆதார். 'ஆதார் இணைத்தாச்சு' என்று கிளையில் சொன்னால் அதோடு வந்துவிடாதீர்கள். கணக்கோடு எண்ணைச் சேர்ப்பது ஒன்று, அரசுப் பணம் வருவதற்கு என்.பி.சி.ஐ. (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பேங்க்தான் நிற்கும். கடைசியாக எதை ஏற்றினார்களோ அங்கேதான் பணம் போகும். மை ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த பேங்க், ஆக்டிவா இல்லையா என்று காட்டும். அதற்கு ஓ.டி.பி. வேண்டும், எனவே ஆதாரில் இருக்கும் கைபேசி எண் கையில் உள்ளதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் அஞ்சலகத்தின் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் சுலபம்.

பெயரையும் ஒத்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருக்கும். ஆதாரை மதிப்பெண் பட்டியல்படி திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றக் கிளம்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கோப்பு எண் 7:
நான் திட்டங்களைச் சொல்கிறேன்.

முதலில் புதுமைப் பெண். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. 2022 செப்டம்பரில் தொடங்கியது. நம் மயிலாடுதுறை மூவலூரைச் சேர்ந்த ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவியைத்தான் உயர்கல்விக்கு மாற்றினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததே தகுதி. வருமான வரம்பு கிடையாது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். தபால்வழிப் படிப்புக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், கல்லூரி மாணவர் விவரம் பதியும் யூமிஸ் தளத்தில். பள்ளி மாணவர் பதிவில் மகளுக்கு இருக்கும் எமிஸ் எண்ணைக் கேட்பார்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உண்டு, அது 2024 ஆகஸ்டில் வந்தது.

பி.எஸ்சி. சேர்ந்தால், பி.சி. மாணவருக்கு மூன்றாண்டு இளங்கலைக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் இதற்கு வருமானம் பார்ப்பதில்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புக்குத்தான் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்ற நிபந்தனை.

பொறியியல் என்றால் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விடவே கூடாது. அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாம் அரசு பொறுப்பு. ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். 'இடம் இருக்கிறது, இப்போதே பணம் கட்டிவிடுங்கள்' என்று கல்லூரியிலிருந்து போன் வரும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் 7.5ம் கிடையாது, முதல் பட்டதாரி சலுகையும் (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை) கிடையாது. இந்த ஒரு தவறைப் பிறகு திருத்தவே முடியாது. தயவுசெய்து அந்தக் குடும்பத்திடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

7.5ல் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் இடம் வந்தால்தான் முதல் பட்டதாரி சான்றிதழ் பெரிதாக உதவும். அது குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அக்கா பயன்படுத்தினால் தம்பிக்குக் கிடையாது. 7.5 அப்படி அல்ல, தம்பிக்கும் தனியாக உண்டு.

குடவாசல் செல்வி:
மேலே சொன்னதோடு மத்திய அரசின் இரண்டையும் சேர்க்கிறேன். இரண்டும் தேசிய உதவித்தொகை தளத்தில்தான். முதலில் ஒருமுறைப் பதிவு எண் எடுக்க வேண்டும்.

பிரகதி, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் படிப்பு சேரும் பெண்களுக்கு. ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. முதலாண்டிலேயே போட வேண்டும், நேரடி இரண்டாமாண்டு சேர்பவர்கள் இரண்டாமாண்டில் போடலாம்.

இன்னொன்று பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் வருவது. தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வருமானம் 4.5 லட்சத்துக்குள். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இது கிடையாது. புதுமைப் பெண்ணும் ஆண்டுக்கு அதே 12,000தான், அது மற்றதைத் தடுக்காது. எனவே இந்தப் பெண்ணுக்கு இதன் பின்னால் அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தளத்தில் 'சமர்ப்பித்தாயிற்று' என்று வந்ததும் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அச்செடுத்து, சான்றுகளோடு அலுவலகத்தில் கொடுத்தால்தான் அவர்கள் எடுப்பார்கள். குறை என்று திருப்பி அனுப்பினால் கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், குறுஞ்செய்தியை நம்பி இருக்காதீர்கள்.

கோரையாற்றுக்கரை:
எல்லோருக்கும் நன்றிங்க. வருமானச் சான்றிதழில் ஒரு சந்தேகம். குத்தகைக்குத் தாள் எதுவும் இல்லை, பட்டா நிலச் சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. வி.ஏ.ஓ. என்ன கேட்பார்?

வெண்ணாறு:
இ-சேவையில் ஆர்.இ.வி. 103 என்ற சேவை எண் வருமானச் சான்றிதழுக்கு, 104 முதல் பட்டதாரி சான்றிதழுக்கு. இரண்டையும் ஒரே நாளில் பதியுங்கள், அலைச்சல் மிச்சம். பட்டா இல்லாததால் மறுக்க முடியாது, அது சொந்த நிலத்துக்கான சான்றுதான். ரேஷன் அட்டை, ஆதார், வருமானம் பற்றிய சுய உறுதிமொழி போதும். எந்த ஊரில் எவ்வளவு நிலம் குத்தகை, நூறு நாள் வேலைக் கூலி எவ்வளவு என்று அதிலேயே எழுதுங்கள். விசாரணைக்கு வரும்போது அப்பா சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். விதை, உரம், அறுவடைச் செலவு, குத்தகை நெல் எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம், அதைக் கணக்காகச் சொல்லுங்கள். 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போதும், நம்ப முடியாத அளவுக்குக் குறைத்து எழுத வேண்டாம்.

முதல் பட்டதாரிக்குக் கூட்டு உறுதிமொழி வேண்டும். தாத்தா பாட்டி படிப்பு விவரமும் கேட்பார்கள். இறந்தவர் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். புதுப்பிப்பதை ஐப்பசிக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்போது சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (பயிர் விவரச் சான்று) வாங்க வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கூட்டம் நெரியும், மழையும் பிடித்துக்கொள்ளும். ஆடியிலேயே பதிந்துவிடுங்கள்.

கோப்பு எண் 7:
ஒன்று விட்டுப்போனது. குடும்பத்துக்கு உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். விவசாயக் கூலிகள், குத்தகைதாரர் பிள்ளைகளுக்கு அதில் கல்வி உதவி உண்டு. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரிடம் கேட்க வேண்டும். போகும்போது கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைடு சான்று இரண்டு பிரதி கையில் இருக்கட்டும்.