எலும்பைக் கரைக்கும் செல்கள்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

முதல் பதிவு, ஓர் அம்மா:
சின்ன வயதில் என் மகன் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு லேசாக வளைந்து சேர்ந்திருந்தது, மேலே ஒரு புடைப்பு வேறு. "வளர்ற பிள்ளைம்மா, தானா நேராயிடும்" என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம்தான் விளக்கினார். முறிவை ஒட்ட உடம்பு முதலில் அவசரமாக, தேவைக்கு மேலேயே எலும்பைப் பூசிவிடுகிறது. பிறகு ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வந்து அமிலத்தால் தாதுவைக் கரைத்து, நொதியால் கொலாஜனை அரித்து மேட்டைச் செதுக்கும். பள்ளமான பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் புது எலும்பு வைக்கும். பக்கத்தில், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டும் நேராக்க உதவும். பின்னாளில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

பதில், குழந்தைகள் வார்டு நர்ஸ்:
இந்தச் செல்கள் வேலை செய்யாத குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற பிறவி நோய். எலும்பு வளரும்போதே உள்ளே குடைந்து, இரத்தம் உருவாகும் மஜ்ஜைக்கு இடம் விட வேண்டும். குடைய ஆளில்லாததால் எக்ஸ்ரேயில் எலும்பு முழுக்க வெள்ளையாகத் தெரியும். மஜ்ஜை நெருக்கப்பட்டு இரத்தசோகை வரும், மண்ணீரல் வீங்கி வயிறு உப்பும். கண் நரம்பு செல்லும் துளை குறுகிப் பார்வை போகும். இவ்வளவு அடர்த்தியான எலும்பு சின்ன அடிக்கே உடையும். பழையது அகன்று புதியது வராத எலும்புக்கு வலு இல்லை என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன்.

மருந்து எலும்பில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் பிறப்பது மஜ்ஜையின் இரத்த மூலச்செல்லிலிருந்து. ஆராய்ச்சியாளர் டொனால்ட் வாக்கர் 1970-களில் இதை எலிகளில் காட்டினார். 1980-இல் மஜ்ஜை மாற்று ஒரு பெண் குழந்தைக்குப் பலன் தந்தது மருத்துவ இதழில் வெளியானது. ஆனால் மரபணுச் சோதனை முதலில் அவசியம். சிலருக்கு மூலச்செல் நன்றாகவே இருக்கும், அதிலிருந்து ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகத் தூண்டும் ராங்க்-எல் புரதம்தான் இருக்காது. அவர்களுக்கு மஜ்ஜை மாற்று உதவாது. போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதால் பெற்றோரை நான் அவசரப்படுத்துவேன். கைக்குழந்தைக்குப் பார்வை நிலைக்கவில்லை, இரத்தசோகையும் இருக்கிறது என்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில், எலும்புப்புரை (எலும்பு மெலியும் நோய்) உள்ள அம்மாவின் மகள்:
அம்மாவுக்கு அதே ராங்க்-எல் புரதத்தைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி, 6 மாதத்துக்கு ஒருமுறை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, போதும்டி" என்று அம்மா நிறுத்தப் பார்த்தார். டாக்டர் விடவில்லை. ஊசியின் பிடி விலகியதும் இந்தச் செல்கள் முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும், முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும் என்றார். நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டுமாம். இப்போது அடுத்த ஊசித் தேதியை அம்மாவே காலண்டரில் குறித்து வைக்கிறார். பல் பிடுங்கப் போனாலும் இந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.