ஸ்கோப் 3: ‘முன்பின் உமிழ்வு’ என்று சொல்லலாமா?

அன்பர்களே, வணக்கம்.

‘ஸ்கோப் 3’-க்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ஒரு நிறுவனம் தன் சொந்த வண்டி, எந்திரங்களிலிருந்து நேராக வெளிவிடும் வாயு ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் போன்ற ஆற்றலால் வருவது ஸ்கோப் 2, அதன் தொழிலை ஒட்டிப் பிறரிடத்தில் வரும் மற்றதெல்லாம் ஸ்கோப் 3. எனக்கு இந்தச் சொல் உடனே வேண்டும். மலேசியாவின் பினாங்கில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கார்பன் கணக்கு எழுதச் சொல்லித் தருகிறேன். லோரி வைத்திருப்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், கேன்டீன் எடுத்து நடத்துபவர் என்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைப்பவர்கள். பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு 2025 முதல் நிலைத்தன்மை அறிக்கை விதிகள் இறுகிவிட்டன. உமிழ்வுக் கணக்குக் கேட்டு அவர்கள் அனுப்பும் படிவம் இப்போது இவர்கள் கையில்.

போன வகுப்பில், தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து பாலம் கடந்து பெட்டி ஏற்றிவரும் ஓர் அண்ணன், படிவத்தில் விரலை வைத்துக் கேட்டார்: “தம்பி, லோரி என்னுது, டீசல் நான் ஊத்துறேன். இந்தப் புகையை அவங்க எதுக்குக் கேக்குறாங்க?”

அவருடைய டீசல் ரசீதையே எடுத்துக்கொண்டோம். 20 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 54 கிலோ. உங்கள் கணக்கில் இது ஸ்கோப் 1, உங்களை வாடகைக்குப் பிடித்த கம்பெனியின் கணக்கில் இதே 54 கிலோ ஸ்கோப் 3 என்றேன். கொஞ்சம் யோசித்தவர், “அவங்க கூப்பிடாட்டி நான் பாலம் ஏறியிருக்க மாட்டேன், அதானே?” என்றார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. ‘ஸ்கோப் 3’ என்ற பெயர்தான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இனி இங்கே வந்த சொற்கள். ‘செயலெல்லை 3’ எண்ணை அப்படியே வைத்துக்கொள்கிறது, அதனால் பயனில்லை. ‘மறைமுக உமிழ்வு’ தவறாகவே போய்விடும், ஏனென்றால் வாங்கும் மின்சாரத்தால் வரும் ஸ்கோப் 2-உம் மறைமுகம்தான். ‘பிறர்வழி உமிழ்வு’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் பயம் உண்டு. ‘பிறர்’ என்று ஆரம்பித்த உடனே, அது என் பொறுப்பு இல்லை என்று நிறுவனம் கைகழுவ வழி கிடைத்துவிடும். பெரும்பாலான பெரிய நிறுவனங்களுக்கு ஸ்கோப் 3தான் மூன்றிலும் பெரிய பங்கு. அதைத் தள்ளிவைத்துவிட்டு அலுவலகத்தில் விளக்கை அணைப்பதால் பெரிய பலன் இருக்காது.

நான் முன்வைப்பது ‘முன்பின் உமிழ்வு’. ஸ்கோப் 3-க்கான 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் 15 வகைகள் உண்டு. முதல் எட்டும் நிறுவனம் வாங்குவதை ஒட்டியவை, மற்ற ஏழும் விற்றதற்கு அப்புறம் நடப்பதை ஒட்டியவை. எட்டை ‘முன் உமிழ்வு’ என்றும் ஏழைப் ‘பின் உமிழ்வு’ என்றும் பிரித்துவிடலாம். ‘முன்பின் யோசிக்காமல்’ என்று நாம் அன்றாடம் சொல்வதால் பொறுப்பின் வாடையும் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது.

பின் உமிழ்வுக்கு ஏர்கோனைப் பாருங்கள். தொழிற்சாலையில் அதைச் செய்ய ஆகும் மின்சாரம் ஒரு தடவைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வீட்டில் இரவெல்லாம் ஓடும், பல வருடம் ஓடும். உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு கசிந்தால் அதுவும் சேரும். ஆர்-410ஏ வாயுவின் புவிவெப்பத் திறன், அதாவது புவியைச் சூடாக்கும் திறன், கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,088 மடங்கு, ஆர்-32 வாயுவுக்கு 675 மடங்கு. எந்த வாயுவை நிரப்புவது, எவ்வளவு மின்சாரம் இழுக்கும்படி செய்வது என்பதெல்லாம் வடிவமைப்பு மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டுக்காரர் கையில் மிஞ்சுவது ரிமோட் மட்டும். ‘பின் உமிழ்வு’ என்று அறிக்கையில் தமிழில் எழுதினால் இந்தத் தொடர்பு பளிச்சென்று தெரியும்.

இரண்டு குறைகள் எனக்கே தெரிகின்றன. ‘முன்பின்னாக’ என்றால் வரிசை மாறி என்றும் பொருள் வரும். அடுத்து, முடிந்த சரக்கை வெளியே கொண்டுபோகும் லோரிக்கும் நிறுவனமே காசு கொடுத்தால், தரநிலை அதை முன் பக்கத்தில்தான் வைக்கிறது, அதுவும் வாங்கிய சேவை என்பதால். ஆகவே வகுப்பில் நேரத்தை வைத்து விளக்காமல் ‘வாங்கியது முன், விற்றபின் பின்’ என்றே சொல்லப்போகிறேன்.

மற்ற இரண்டில் எனக்குத் தகராறு இல்லை. ஸ்கோப் 1 ‘நேர் உமிழ்வு’, ஸ்கோப் 2 ‘வாங்கிய ஆற்றல் உமிழ்வு’. ‘மின் உமிழ்வு’ என்று சுருக்கினால் வெளியே வாங்கும் நீராவி விட்டுப்போகும்.

புணர்த்தி ‘முன்னுமிழ்வு’ என்று எழுதுவதா, பிரித்தே எழுதுவதா என்று மட்டும் சொல்லுங்கள். இலக்கணப்படி முதலாவது சரி. ஆனால் லோரி அண்ணன் படிவத்தில் அதை வாசிக்கும்போது ‘முன்’ தனியாகக் கண்ணில் படவேண்டும் என்பதால், கையேட்டில் இப்போதைக்குப் பிரித்தே அச்சடிக்கிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து