டைமிங் பெல்ட் அறுந்த சான்ட்ரோ: பெல்ட் மட்டும் போட்டுப் பார்ப்பதா, ஹெட்டை இறக்குவதா?

அவிநாசித் தோட்டத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பெருந்துறை தாண்டி விஜயமங்கலம் டோலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அணைந்துவிட்டது. ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நியூட்ரல் போட்டு ஓரம் கட்டினேன். திரும்பச் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் எப்போதையும்விட லேசாக, விர்ரென்று சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவே இல்லை. 1033-க்கு அடித்து, வண்டியைக் கட்டி இழுத்துப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டாயிற்று. கவரைக் கழற்றினால் டைமிங் பெல்ட் இரண்டாகக் கிடக்கிறது.

வண்டி 2008 சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். இரண்டாம் கை. மீட்டரில் 58,000. போன 2023-ல்தான் ஆர்சி புதுப்பித்தேன்.

மெக்கானிக் சொல்வது: “ஹெட்டை (எஞ்சினின் மேல்பாகம், வால்வெல்லாம் அதில்தான்) இறக்கியே ஆகணும், ஒரு 22 ஆயிரம் எடுத்து வையுங்க.” என் மாமா சொல்வது: “பெல்ட் ஒண்ணு வாங்கி மாட்டி சாவியைப் போடு, ஓடும்.” யார் பேச்சைக் கேட்பது?

சென்னிமலையார்:
மாமா பேச்சைக் கேளுங்க. அறுந்தது ரப்பர் பட்டை. அதற்கு ஹெட்டை எதற்கு இறக்குவது? எங்கள் வீட்டில் பழைய மாருதி 800 இருந்தது. ஊத்துக்குளி ரோட்டில் இதே மாதிரி பெல்ட் அறுந்து நின்றது. புது பெல்ட் மாட்டினோம், அரை நாளில் வீட்டுக்கு ஓட்டி வந்தோம். அதற்கப்புறம் விற்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. முதலில் இரண்டாயிரத்தோடு முடிகிறதா பாருங்க. ஓடவில்லை என்றால் ஹெட்டை இறக்கிக்கலாம். என்ன நஷ்டம்?

கணபதி லேத்:
என்ன நஷ்டம் என்று கேட்டதால் சொல்கிறேன்.

கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, இரண்டு சுற்று சுற்றினால் கேம், அதாவது வால்வைத் திறக்கிற தண்டு, ஒரு சுற்று. அந்தக் கணக்கைக் காப்பதுதான் இந்தப் பெல்ட்டின் ஒரே வேலை. அறுந்ததும் கேம் அங்கேயே நின்றுவிடும். அப்போது சில வால்வு திறந்தபடியே நிற்கும். வண்டி கியரில் ஓடிக்கொண்டிருப்பதால் பிஸ்டன் மட்டும் மேலே வந்துகொண்டே இருக்கும். சில எஞ்சினில் வால்வு முழுக்கத் திறந்து நின்றாலும் பிஸ்டன் தொடாத அளவுக்கு இடம் உண்டு. உங்கள் 800 தப்பித்தது அதனால்தான். சான்ட்ரோவில் அந்த இடம் இல்லை. ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு, ஆக 12. திறந்து நின்றதைப் பிஸ்டன் வந்து முட்டும், வால்வுத் தண்டு வளையும்.

உங்கள் ஊர்க்காரருக்குத் தறியை வைத்துச் சொன்னால் புரியும்: பாவு பிரியாத நேரத்தில் நாடா பாய்ந்தால் என்ன ஆகும்? அதுதான்.

இப்போது பெல்ட் மட்டும் மாட்டி ஓட்டினால், வளைந்த வால்வு இருக்கையில் உட்காராது. அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதோடு போனால் பரவாயில்லை. வளைந்த வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் போச்சு, போரும் (பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் துளை) போச்சு. நீங்கள் சொன்ன ‘இரண்டாயிரம்’ அங்கே போய் நிற்கும்.

பழைய கால்டாக்ஸி:
லேத் அண்ணன் சொல்வது சரி. கோயமுத்தூரில் இண்டிகா டீசல் ஓட்டின காலத்தில் எங்கள் ஸ்டாண்டில் பெல்ட் அறுந்த வண்டி எதுவும் ஹெட்டை இறக்காமல் கிளம்பியதாக ஞாபகம் இல்லை. டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடமே கிடையாது.

ஆனால் 22 ஆயிரம் கொடுத்துப் பழைய ஹெட்டைச் சீர் பண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உக்கடத்தில் தேடினால் கழற்றின ஹெட் முழுசாகக் கிடைக்கும். மாட்டிவிட்டு வேலையைப் பாருங்க.

கணபதி லேத்:
கழற்றின ஹெட் எந்த வண்டியில் கொதித்து வளைந்தது என்று யாருக்குத் தெரியும்? அதையும் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சமமாக இழைப்பது) பார்க்கணும், சீல் மாற்றணும். கையில் இருப்பதன் சரித்திரமாவது நமக்குத் தெரியும்.

சென்னிமலையார்:
லேத் வைத்திருப்பவர் ஹெட்டைக் கழற்றச் சொல்லாமல் வேறென்ன சொல்வார்! கோவிக்காதீங்க அண்ணா. ஆனால் திறந்து பார்க்காமலே வால்வு வளைந்துவிட்டது என்று அந்த மெக்கானிக்குக் கனவா வந்தது? ஒரு ஆதாரமும் காட்டாமல் 22 சொல்வதைத்தான் நான் கேட்கிறேன்.

கணபதி லேத்:
கோபம் எதுவும் இல்லைங்க. கேட்டது நியாயமான கேள்வி. ஹெட்டை இறக்காமலே, புது பெல்ட் வாங்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நிறைய ஒர்க்‌ஷாப்பில் சோம்பலில் செய்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் சாவியைத் தொடாதீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் விடாதீங்க. ஒவ்வொரு சுற்றும் இன்னொரு முட்டு. பிளக் நாலையும் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்பி, நாலு பிஸ்டனும் போரின் நடுவாந்திரத்தில் நிற்கும்படி வையுங்கள். டாப்பிலிருந்து, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்திலிருந்து, கால் சுற்று. தடங்கினால் பலம் கொடுக்காதீங்க, கேமைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் திருப்புங்க. அந்த நிலைக்கு வந்ததும் கேமை எப்படிச் சுற்றினாலும் வால்வு பிஸ்டனைத் தொடாது. அப்புறம் வண்டியைக் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுங்க, காற்று பிஸ்டனைத் தள்ளாமல் இருக்க.

இனி ஒவ்வொரு சிலிண்டராக, அதன் மூன்று வால்வும் மூடியிருக்கும்படி கேமை வைத்து, பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடியுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும், பிளக் மரையில் மாட்டுகிற ஒரு அடாப்டர் வேண்டும். காதை வைத்துக் கேளுங்க. ஏர் ஃபில்டர் பக்கம் ‘புஸ்’ என்றால் உள்ளே இழுக்கிற வால்வு வளைந்திருக்கிறது. சைலன்சர் வாயில் வந்தால் வெளியே தள்ளுகிற வால்வு. ஆயில் ஊற்றும் மூடியில் வந்தால் ரிங் தேய்மானம். அது கொஞ்சம் எல்லா வண்டியிலும் இருக்கும். நாலும் சத்தமில்லாமல் காற்றைப் பிடித்தால் பெல்ட் மட்டும் போட்டு ஓட்டுங்கள், நானே ஒத்துக்கொள்கிறேன். ஒன்று ஒழுகினாலும் ஹெட் இறங்கியாகணும்.

நொய்யல் கரை:
ஏனுங்க, எல்லாரும் வால்விலேயே நிற்கிறீங்க. பெல்ட் ஏன் அறுந்தது என்று யாரும் கேட்கவில்லையே. அந்த இரண்டு துண்டையும் பார்த்தீங்களா தோட்டத்தாரே? முதுகில் வெடிப்பு ஓடியிருந்தால் வயசு. ஒரு இடத்தில் மட்டும் பல் கும்பலாகச் சிரைந்திருந்தால் ஏதோ ஒன்று சுற்றாமல் பிடித்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தால் பேரிங்கோ புல்லியோ சாய்ந்து ஓடியிருக்கிறது. பிசுபிசுவென்று ஊதியிருந்தால் கேம் சீல் ஒழுகி ஆயில் குடித்த பெல்ட். காரணத்தை விட்டுவிட்டுப் புது பெல்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அப்புறம் 58,000 ஓடின வண்டி என்று நம்பி இருந்துவிட்டீர்கள் போல. பெல்ட் வண்டிகளுக்குப் பொதுவாக 60 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் ஒரு கிலோமீட்டர் கணக்கு சொல்வார்கள். அதோடு வருஷக் கணக்கும் உண்டு. ஐந்தாறு வருஷம் ஆனால், ஓடாமல் சாளையில் நின்ற வண்டிக்கும் மாற்றத்தான் வேண்டும். ரப்பருக்கு மீட்டர் தெரியாது. 2008-லேயே போட்ட பெல்ட்டாக இருந்தால் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிசு.

திருப்பூர் மாப்ள:
எல்லாம் சரி, பதினைந்து வருஷம் தாண்டின வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? அப்படியே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு செயின் எஞ்சின் வண்டி ஒன்று எடுங்க. மாருதி கே சீரிஸ் எல்லாம் செயின்தான், இந்தத் தொல்லையே இல்லை.

நொய்யல் கரை:
நின்று போன வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால் இரும்பு விலைதான் பேசுவார்கள் மாப்ள. ஓடுகிற நிலையில் கொண்டுபோனால் பேச்சே வேறு. பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு ஐயாயிரம் ஆயிற்று. அதைக் கட்டி 2028 வரைக்கும் ஆர்சி வைத்திருக்கிறவரை ஏன் விற்கச் சொல்கிறீர்கள்? செயினும் சாகாவரம் வாங்கி வரவில்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதுவும் நீளும், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தேயும், சலசலக்கும். ஆனால் சத்தம் போட்டுச் சொல்லும், அது ஒன்று வித்தியாசம்.

அவிநாசித் தோட்டத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. லேத் அண்ணன் எழுதினதை மெக்கானிக்கிடம் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் அவரே பஞ்சர் கடையிலிருந்து ஹோஸை இழுத்து வந்தார். ஒன்றும் நாலும் காற்றைப் பிடித்தன. இரண்டிலும் மூன்றிலும் ஏர் ஃபில்டர் பக்கம் புஸ்ஸென்று போகிறது, கையை வைத்தால் தெரிகிறது. ஹெட்டை இறக்கச் சொல்லிவிட்டேன். பெல்ட் துண்டில் ஓரம் நார் பிரிந்திருக்கிறது. பெல்ட்டைத் தாங்குகிற ஐட்லர் உருளையின் பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரவென்று நின்று நின்று சுற்றுகிறது.

கணபதி லேத்:
அப்படியென்றால் இரண்டு, மூன்றின் இன்டேக் வால்வு. கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்குகிற குழல்) விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் நின்று பார்த்துக்கொள்ளுங்க. மற்ற வால்வையும் சேர்த்து லேப்பிங் (இருக்கையில் சரியாக உட்கார அரைத்துச் சேர்ப்பது) பண்ணிவிட்டு, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்க; கசிந்தால் மாட்டவே கூடாது. பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், கேம் சீல் எல்லாம் புதுசு. பேரிங் பழசு, பெல்ட் புதுசு என்று மாட்டினால் மறுபடி விஜயமங்கலத்தில் நிற்பீர்கள். எல்லாம் முடிந்து சாவி போடுவதற்கு முன்னால் கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று. கிராங்க், கேம் புல்லிகளில் இருக்கிற டைமிங் மார்க் திரும்ப நேருக்கு நேர் வந்து நிற்கணும்.

சென்னிமலையார்:
சரி, வால்வு வளைந்தது வளைந்ததுதான், ஒத்துக்கறேன். ஆனால் நாலில் இரண்டுதானே? சோதிக்காமல் 22 சொன்னார் என்ற என் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. பில் வந்ததும் போடுங்க, பார்க்கலாம்.

அவிநாசித் தோட்டத்தான்:
போடுகிறேனுங்க. இப்போதைக்கு அவர் வாயால் 16 ஆயிரம் என்று இறங்கியிருக்கிறார், கைடு நன்றாக இருந்தால். கழற்றின பழைய வால்வையும் பேரிங்கையும் கையில் கொடுக்கச் சொல்லி இருக்கிறேன்.